இல்லாத காலில் வலியும் நரம்பைத் தடுக்கும் மின்சாரமும்

(ஒரு நெசவாளர் ஊரில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நம்மைப் பேச அழைத்தவர்கள் "விஞ்ஞானமும் மனித வாழ்வும்" என்று ஒரு தலைப்பைக் கொடுத்திருக்கின்றார்கள். அது ஒரு கூட்டத்தில் பேசி முடிக்கக்கூடிய தலைப்பல்ல. ஆதலால் அதில் ஒரு சிறு விஷயத்தை மாத்திரம் எடுத்துக்கொள்ள நினைக்கின்றோம். அதாவது வலியைப் பற்றி. அதிலும் இல்லாத காலில் உண்டாகும் வலியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகின்றோம். இல்லாத காலில் வலி எப்படி வரும் என்று சிலர் சிரிக்கின்றீர்கள். சிரிப்பதில் குற்றமில்லை. நாமும் ஒரு காலத்தில் சிரித்தவர்கள்தான். பிறகு ஒரு மனிதரைப் பார்த்தோம், சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் உங்களைப் போல் தறி நெய்து பிழைத்தவர். சர்க்கரை வியாதியால் காலில் புண் வந்து, அழுகி, முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்கவேண்டியதாயிற்று. வெட்டிய புண் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் ஆறு மாதங்கழித்து நாம் பார்க்கப் போனபோது, அவர் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "பெருவிரலை யாரோ முறுக்குகிறார்களே, பாதத்தில் ஆணி அடிக்கிறார்களே" என்று அழுதுகொண்டிருந்தார். எந்தப் பெருவிரல்? ஆறு மாதத்திற்கு முன்பே போய்விட்ட விரல்! தறிக்குழியில் மிதித்து மிதித்துப் பழகிய அந்தக் கால் இன்னும் அங்கேயே இருப்பதாகவும், அது வளைந்து மாட்டிக்கொண்டு நேராக வர மறுப்பதாகவும் சொன்னார்.

சுற்றத்தார் என்ன செய்தார்கள்? ஒருவர், வெட்டிய காலை முறைப்படி புதைக்கவில்லை, அதனால் அது தேடிவருகிறது என்றார். மற்றொருவர் தாயத்துக் கட்டினார். மூன்றாமவர், போன ஜென்மத்தில் யாருடைய காலையோ முறித்த பாவம் என்று சொல்லிவிட்டு, அவர் வீட்டிலேயே காப்பி சாப்பிட்டுவிட்டுப் போனார். இவர்களாவது படிக்காதவர்கள். படித்த ஒரு வைத்தியரிடம் போனதற்கு, அவரும் "காலே இல்லை, வலி ஏது? எல்லாம் உன் மனப்பிரமை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சாமியாடியும் டாக்டரும் ஒரே தீர்ப்பைச் சொன்னால் அந்த ஏழை எங்கே போவான்?

தோழர்களே! அந்த வலி பொய்யல்ல. அது பேயுமல்ல, பாவமுமல்ல, பிரமையுமல்ல. அது நரம்பின் வேலை. நரம்பின் வேலை என்று தெரிந்துகொண்டதால்தான், அதை மின்சாரத்தைக் கொண்டு தடுத்து நிறுத்தலாம் என்னும் அளவுக்கு இன்று மனிதன் வந்திருக்கின்றான். இதுதான் நாம் இன்று சொல்ல வந்த சங்கதி.

ஆத்மாவுக்கு அத்தாட்சியா?

இந்த வலி புதிதல்ல. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்தில் யுத்தகளங்களில் ரணவைத்தியம் செய்துவந்த அம்புரோசு பாரே என்பவரே, கை கால் வெட்டப்பட்டவர்கள் போன உறுப்பில் வலிக்கிறது என்று முறையிடுவதை எழுதிவைத்திருக்கின்றார். 1797இல் வலது கையை இழந்த நெல்சன் என்னும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர், இல்லாத விரல்கள் இருப்பதுபோல் தமக்குத் தோன்றுவதைக் கண்டு, "இதுவே ஆத்மா உண்டு என்பதற்கு அத்தாட்சி" என்று சொன்னதாக ஒரு கதை வழங்குகின்றது. அவர் சொன்னாரோ இல்லையோ, இன்றும் அப்படிச் சொல்லுகிறவர்கள் இருக்கின்றார்கள்.

1861 முதல் 1865 வரையில் அமெரிக்காவில் நடந்த உள்நாட்டு யுத்தத்தில் கை கால் இழந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வியர் மிச்சல் என்பவர் பிலடெல்பியா நகரத்து டாக்டர். அவர் 1866இல், நான்கு அங்கங்களையும் இழந்த ஒரு சிப்பாயின் கதையைத் தம் பெயர் போடாமல் ஒரு பத்திரிகையில் எழுதினார். அதில் கடைசியாக, ஆவிகளை அழைக்கும் கூட்டமொன்றில் அந்தச் சிப்பாயின் போன கால்களின் ஆவிகள் வந்து சேர்ந்து, அவன் சிறிது நேரம் எழுந்து நடந்ததாகக் கேலியாக எழுதியிருந்தார். ஜனங்கள் கேலியைக் கேலியென்று அறியாமல் உண்மையென்றே நம்பி, அப்படி ஒரு சிப்பாய் இருப்பதாக எண்ணிப் பணம் வசூலித்து அனுப்பினார்கள். மூடநம்பிக்கை நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமென்று நினைத்துவிடாதீர்கள். அது எல்லா ஊரிலும் விளைகின்ற பயிர்தான். அதே மிச்சல் 1871இல் இந்த நிலைமைக்கு "ஆவி உறுப்பு" என்னும் பொருள்படும்படி ஒரு பெயரை வைத்தார். பெயரில்தான் ஆவி உண்டே தவிர, அவர் காரணம் தேடியது நரம்பில்.

நரம்பு என்ன செய்கிறது?

உங்கள் பாதத்தில் முள் தைத்தால், வலி தெரிவது பாதத்திலா? பாதத்தில் என்றுதான் சொல்லுவீர்கள். ஆனால் பாதத்திலிருந்து செய்தி புறப்பட்டு, காலின் நரம்பு வழியாக முதுகுத்தண்டுக்குச் சென்று, அங்கிருந்து மூளைக்குப் போனபிறகுதான் உங்களுக்கு வலி என்பதே உண்டு. நடுவில் நரம்பு அறுந்துவிட்டால் பாதத்தில் கோடாலியே விழுந்தாலும் தெரியாது. அதேபோல் பாதமே இல்லாவிட்டாலும், பாதத்திலிருந்து வந்துகொண்டிருந்த நரம்பில் நடுவழியில் யாராவது செய்தியைக் கிளப்பிவிட்டால், மூளை அதைப் பாதத்திலிருந்து வந்ததாகவே எண்ணிக்கொள்ளும். மூளைக்குக் கண் இல்லை. தபாலில் உள்ள முத்திரையைப் பார்த்து எந்த ஊர்த் தபால் என்று சொல்லுவதுதான் அதன் வேலை. அந்த ஊரே அழிந்துபோய்விட்டது என்பது அதற்கு எப்படித் தெரியும்?

காலை வெட்டும்போது நரம்பும் வெட்டப்படுகின்றது. வெட்டுண்ட நரம்பு சும்மா இருப்பதில்லை. வெட்டிய மரம் துளிர்ப்பதுபோல் அதுவும் துளிர்விட்டு, போகவேண்டிய இடம் இல்லாமையால் அங்கேயே சுருண்டு முடிச்சாகிவிடுகின்றது. அந்த முடிச்சு சிலருக்குத் தொட்டாலும், சிலருக்குத் தொடாமலேயும் ஓயாமல் செய்திகளைக் கிளப்பிக்கொண்டிருக்கும். நம் நெசவாளத் தோழரின் பெருவிரலை முறுக்கியது பேயல்ல. அந்த முடிச்சுப் போன்ற ஒரு நரம்பு நுனிதான் என்று சொல்லுவதில் என்ன ஆச்சரியம்?

இதற்கு மூளையும் முதுகுத்தண்டும் ஒரு பங்கு காரணம் என்பதையும் மறைக்கக் கூடாது. நம் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.இராமச்சந்திரன் என்பவர், 1990க்குப் பின் அமெரிக்காவிலிருந்துகொண்டு, ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியைக் குறுக்கே நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காணும்படி செய்து, சிலருக்கு அந்த வலியைக் குறைத்துக் காட்டினார். ஆதலால் எல்லா வலியும் முடிச்சிலிருந்தே வருகின்றது என்று நாம் சொல்லவில்லை.

தவளையும் கணவாயும்

இனி நரம்பில் ஓடும் செய்தி என்பது என்ன என்று பார்ப்போம். 1791இல் இத்தாலி தேசத்துப் பொலோஞா நகரத்தில் கால்வானி என்பவர், செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டவுடன் உதறுவதைப் பற்றித் தம் நூலை வெளியிட்டார். நரம்புக்கும் மின்சாரத்திற்கும் சம்பந்தம் உண்டு என்பது அதிலிருந்து விளங்கிற்று. 1850இல் செர்மனியில் எல்மோல்ட்சு என்பவர் தவளை நரம்பில் செய்தி போகும் வேகத்தையே அளந்துவிட்டார். வினாடிக்குச் சுமார் 27 மீட்டர்! ரயில் வண்டியின் வேகந்தான். அதற்கு முன் பெரிய பண்டிதர்களே, ஜீவசக்தி இமைப்பொழுதில் பாயக்கூடியது, அதை அளக்க மனிதனால் ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகாது என்று சொல்லுகிறவர்கள் சொல்லிக்கொண்டேயிருப்பார்கள், அளக்கிறவன் அளந்துவிடுவான்.

பிறகு இங்கிலாந்தில் ஹாட்சுகின், ஹக்சிலி என்னும் இருவர், நம் கடற்கரையில் கிடைக்கும் கணவாயின் இனத்திலுள்ள மிகப் பருத்த நரம்பை எடுத்து ஆராய்ந்து, 1952இல் அதன் இரகசியத்தை வெளியிட்டார்கள். அதற்காக 1963இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அவர்கள் கண்டது என்னவென்றால், நரம்பிழையின் உள்ளும் புறமும் எப்பொழுதும் ஒரு சிறு மின்சார வித்தியாசம் இருக்கின்றது. ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்காக்கினால் அதில் சுமார் 70 பங்கு. நரம்பிழையின் தோலில் மிக நுண்ணிய வாசல்கள் உண்டு. தூண்டினால் வாசல் திறந்து, நமது உப்பிலே உள்ள அதே சோடியம் வெளியிலிருந்து உள்ளே பாய்கின்றது. ஓரிடத்தில் அப்படிப் பாய்ந்தால் அது பக்கத்து வாசலைத் திறக்கும். அது அதற்குப் பக்கத்து வாசலை. இப்படிக் கைமாறிக் கைமாறிச் செய்தி ஓடுகின்றது.

கூரை தீப்பற்றினால் கிணற்றடியிலிருந்து வீடு வரையில் வரிசையாக நின்றுகொண்டு தண்ணீர்க் குடத்தைக் கைமாற்றி அனுப்புகின்றோமே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் நகருவதில்லை, குடம் மட்டும் நகருகின்றது.

கை நிரம்பியவன் குடம் வாங்கமாட்டான்

இந்த வரிசையை நடுவில் எப்படி நிறுத்துவது? ஆளை வெட்டிவிடலாம். அதாவது நரம்பை அறுத்துவிடலாம். அறுத்தால் மறுபடியும் முடிச்சு, மறுபடியும் வலி. மரத்துப்போகும் ஊசி போடலாம். அது சோடியம் வாசலை அடைத்துவிடும். ஆனால் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அபின் இனத்து மருந்துகளைக் கொடுக்கலாம். அவை உடம்பு முழுவதும் பரவி மயக்கத்தையும் மலச்சிக்கலையும் கொடுத்து, நாளடைவில் மனிதனை அடிமையாக்கவும் கூடும்.

மற்றொரு வழி: நடுவில் நிற்கும் ஒருவனுடைய கையை எப்பொழுதும் நிரப்பியே வைத்திருப்பது. கை நிரம்பியவன் அடுத்த குடத்தை வாங்கமாட்டான். அவனுக்கு ஒரு காயமுமில்லை. ஆனால் வரிசை அவனோடு நின்றுவிடும். மின்சாரத் தடை என்பது இதுதான்.

வாசலுக்கு இரண்டு கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தூண்டினால் திறப்பது. மற்றொன்று, திறந்த சிறிது நேரத்திற்குள் தானாகவே சாத்திக்கொள்ளுவது. நரம்பு ஓய்ந்து பழைய நிலைக்கு வந்தால்தான் அந்த இரண்டாவது கதவு விலகி, அடுத்த செய்திக்கு இடங்கொடுக்கும். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 தடவை திசை மாறித் திரும்புவது. அந்த இடைவெளி நரம்புக்கு ஓய்வெடுக்கப் போதும், ஆகையால் ஒவ்வொரு தடவையும் அது கிளம்பும், தசை இழுத்துக்கொள்ளும், மனிதன் கம்பியை விடமுடியாமல் சாவான். ஆனால் வினாடிக்கு 50 என்பதற்குப் பதிலாக 10,000 தடவை திசை மாறும் மின்சாரத்தை, அளவறிந்து, நரம்பின்மேலேயே கொடுத்தால் நரம்புக்கு ஓய்வே இல்லை. இரண்டாவது கதவு சாத்தியது சாத்தியபடி இருக்கும். கீழேயிருந்து வரும் செய்தி அந்த இடத்தோடு நின்றுவிடும். மின்சாரத்தை நிறுத்தினால் நரம்பு மீண்டும் பழையபடி வேலை செய்யும். அறுக்கவில்லை, எரிக்கவில்லை, விஷம் ஊட்டவில்லை.

அதிவேக மின்சாரம் நரம்பை அடக்கும் என்பதைக் கேட்டல், செராடு என்னும் இருவர் 1935லேயே எழுதியிருக்கின்றார்கள். ஆனால் அது வெகு நாள் உபயோகமில்லாமல் கிடந்தது. அமெரிக்காவில் கிளீவ்லண்டு நகரத்துக் கேசு வெஸ்டர்ன் ரிசர்வ் சர்வகலாசாலையில் கில்கோர், பத்ரா என்னும் இருவர், மறுபடியும் அதே தவளை நரம்பிலிருந்து தொடங்கி, 2004இல் இதைத் தெளிவாக நிலைநாட்டினார்கள்.

இதில் குறைகளும் உண்டு. தடுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் நரம்பு அடங்குவதற்கு முன் ஒருதரம் கொந்தளித்துவிட்டுத்தான் அடங்கும். அது பிறர் சொல்லித் தெரிந்ததல்ல, கண்டுபிடித்தவர்களே எழுதிவைத்தது. ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தைக் கொண்டு அந்தக் கொந்தளிப்பை மறைக்கலாம் என்றால், அது அதிக நேரம் ஓடினால் இரசாயன மாறுதலால் சதையையே கெடுத்துவிடும். அன்றியும் இந்தத் தடை வலியை மட்டும் பொறுக்கியெடுத்து நிறுத்துவதல்ல; அந்த நரம்பில் போகும் எல்லாவற்றையும் நிறுத்தக்கூடியது. முழுக்கால் உள்ளவனுக்கு அதைச் செய்தால் வலியோடு நடையும் போய்விடும். ஆகவேதான் போகவேண்டிய இடமே இல்லாமல் வெட்டுண்டு நிற்கும் நரம்புக்கு இது முதலில் ஏற்றதாயிற்று.

தடுப்பது ஒரு வழி. ஏமாற்றித் திருப்புவது மற்றொரு வழி. அடிபட்ட இடத்தை நாம் உடனே தேய்த்துவிடுகின்றோமே, ஏன்? தொடுகிற உணர்ச்சியைக் கொண்டுபோகும் பருத்த இழைகள் வேகமானவை. நாட்பட்ட வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் மந்தமானவை. பருத்த இழைகளைக் கிளப்பினால் முதுகுத்தண்டில் வலிக்கு வாசல் சாத்தப்படும் என்று மெல்சாக்கு, வால் என்னும் இருவர் 1965இல் சொன்னார்கள். 1967இல் வாலும் ஸ்வீட்டு என்பவரும், தங்கள் முகத்து நரம்பிலேயே முதலில் ஊசியைக் குத்தி மின்சாரம் பாய்ச்சிப் பார்த்துக்கொண்டு, பிறகு எட்டு நோயாளிகளுக்குச் செய்தார்கள். அவர்களில் நான்குபேருக்கு இரண்டு நிமிஷ மின்சாரத்திற்குப் பின் அரைமணி நேரத்திற்கு மேல் வலி குறைந்திருந்தது. அவர்கள் எழுதியது நான்கு பேருக்கு என்பதே. எட்டுப்பேருக்கும் என்று எழுதவில்லை. தங்கள் உடம்பிலேயே முதலில் குத்திப் பார்த்துக்கொண்ட இவர்களையும், பக்தனுடைய நாக்கில் மட்டும் வேல் குத்தும் பூசாரியையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

கட்டையால் செய்த பரீட்சை

நிற்க. இதையெல்லாம் கேட்டுவிட்டு, நாளைக்குச் சந்தையில் எவனாவது "மின்சார பெல்ட்டு, சகல வலியும் தீரும்" என்று கூவினால் வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். சாமியை விட்டுவிட்டு மெஷினைக் கும்பிடச் சொல்லுவதற்காக நாம் இங்கு வரவில்லை.

மின்சாரத்தின் பெயரால் நடந்த மோசடி, மின்சார வைத்தியத்தைப் போலவே பழமையானது. கால்வானியின் புகழ் பரவியிருந்த காலத்தில், அமெரிக்காவில் பெர்க்கின்சு என்பவர் இரண்டு சிறு உலோகக் குச்சிகளைச் செய்து, அவற்றை வலிக்கிற இடத்தில் இழுத்தால் உடம்பிலுள்ள கெட்ட மின்சாரம் வெளியேறும் என்று சொல்லி 1796இல் அதற்குப் பேட்டண்டு உரிமையும் பெற்றார். குச்சிகள் நல்ல விலைக்கு விற்றன. குணமானோம் என்று சாட்சி சொன்னவர்களில் படித்தவர்களும் பாதிரிகளும் உண்டு. 1799இல் இங்கிலாந்தில் பாத் நகரத்து ஹேகார்த்து என்னும் டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? அதே மாதிரி மரக்கட்டையில் குச்சி செய்து, உலோகம்போல் வர்ணம் பூசி, முடக்குவாத நோயாளிகள் ஐந்துபேருக்கு இழுத்தார். நான்குபேர் வலி குறைந்தது என்றார்கள்! மறுநாள் அசல் குச்சியால் இழுத்தார்; அதே பலன்தான் கண்டது.

தோழர்களே, அந்த நான்குபேரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு வலி குறைந்தது மெய். ஆனால் குறைத்தது குச்சியல்ல. குறையும் என்ற எதிர்பார்ப்பு. வலி மூளையில் முடிகின்ற விஷயமாதலால் எதிர்பார்ப்புக்கும் அதில் இடமுண்டு. கோயிலுக்குப் போய் வந்தேன், வலி விட்டது என்கிறவரும் இப்படித்தான் பொய்யரல்ல. ஆனால் அதைக்கொண்டு சாமிக்குச் சர்டிபிக்கேட்டு எழுதமுடியாது. எழுதினால் வர்ணம் பூசிய கட்டைக்கும் எழுதவேண்டியதுதான்.

இந்தக் கட்டைப் பரீட்சையை நாம் கோயிலுக்குச் செய்யச் சொல்லி, மெஷினுக்குச் செய்யாமல் விட்டால் நமக்கு யோக்கியதை ஏது? நல்லவேளையாக அதைச் செய்திருக்கின்றார்கள். காலிழந்தவர்களுக்கு, வெட்டுண்ட நரம்பைச் சுற்றிக் காப்புப்போல் ஒரு மின்வாயைப் பூட்டி, உடம்புக்குள்ளேயே ஒரு மின்சாரப் பெட்டியையும் வைத்து, வலி வரும்போது நோயாளியே பொத்தானை அழுத்தினால் வினாடிக்கு 10,000 வீதம் மின்சாரம் 30 நிமிஷம் ஓடும்படியான கருவியொன்று அமெரிக்காவில் செய்யப்பட்டது. முதலில் பத்துப்பேருக்கு வைத்துப் பார்த்ததைப் பற்றி 2015இல் எழுதினார்கள். அதில் பெரும்பாலோருக்கு நல்ல பலன் தெரிந்தது. பத்துப்பேருக்குத் தெரிந்தால் போதும், விற்கத் தொடங்கலாம் என்று விட்டுவிடவில்லை. பிறகு 180 பேரைச் சேர்த்து, எல்லோருக்கும் கருவியை வைத்து, ஒரு பகுதியாருக்கு மட்டும் நரம்பைத் தடுக்கும் மின்சாரத்தையும், மற்றவர்களுக்குத் தடுக்கமாட்டாத சொற்ப மின்சாரத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். இன்னாருக்கு இன்னது என்பது நோயாளிக்குச் சொல்லப்படவில்லை. சொற்ப மின்சாரம் பெற்றவர்களிலும் சிலருக்கு வலி குறைந்தது. அதுதான் ஹேகார்த்தின் கட்டை! ஆனால் தடுக்கும் மின்சாரம் பெற்றவர்களில் அதைவிட அதிகம்பேருக்குக் குறைந்தது. அந்த வித்தியாசந்தான் மின்சாரத்தின் சொந்தச் சம்பாத்தியம். அதன்பேரில்தான் 2024இல் அமெரிக்க சர்க்கார் அக்கருவிக்கு அனுமதி கொடுத்தார்கள்.

எல்லோருக்கும் தீர்ந்துவிட்டதா? இல்லை. பலன் காணாதவர்களும் பலர். மூளைக்கும் அதில் பங்குண்டு என்று முன்னமே சொன்னோம். உடம்பை அறுத்துத்தான் கருவியை வைக்கவேண்டும், சீழ் பிடிக்கலாம், கம்பி நகரலாம். இவையெல்லாம் விற்கிறவர்களே வெளியிடவேண்டியவை. தன் குறையைத் தானே சொல்லிக்கொள்ளும் சாஸ்திரம் இதைத்தவிர வேறு ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?

இப்பொழுது அந்த ஆத்மா சங்கதியைக் கேட்போம். போன கால் இருப்பதுபோல் தோன்றுவது ஆத்மாவினால் என்றால், தொடையிலுள்ள ஒரு நரம்பில் மின்சாரத்தைப் பாய்ச்சியவுடன் பலருக்கு அந்தக் காலின் வலி தணிவானேன்? பொத்தானை அழுத்தினால் அடங்குவதும், விட்டால் கிளம்புவதுமான ஒன்றை ஆத்மா என்று சொல்ல ஆஸ்திகர்களே சம்மதிப்பார்களா? பூர்வஜென்ம பாவம் என்பவர்களையும் கேட்கின்றோம்: பாவத்தின் தண்டனை முப்பது நிமிஷ மின்சாரத்தால் தள்ளுபடியாகுமா? ஆகுமானால் அது என்ன தண்டனை? ஆகாதானால், தணிந்தது எது?

நாம் செய்யவேண்டியது

இந்தக் கருவி நாளைக்கே நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. அதன் விலை ஏழைக்கு எட்டுவதல்ல. கண்டுபிடிப்பது விஞ்ஞானத்தின் வேலை. அதை ஏழைக்கும் எட்டவைப்பது நம்மைப்போன்ற ஜனங்கள் சர்க்காரைக் கேட்டு வாங்கவேண்டிய காரியம். கேட்காதவனுக்கு எதுவும் வராது.

ஆனால் காசு செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, கை கால் இழந்தவர் போன உறுப்பில் வலிக்கிறது என்று சொன்னால் நம்புங்கள். பைத்தியம் என்று சொல்லாதீர்கள். அவரே தனக்குப் பைத்தியமோ என்று பயந்துகொண்டு வெளியில் சொல்லாமல் இருப்பார். உறுப்பை இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதுபோன்ற உணர்ச்சி உண்டு என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். நம் நெசவாளத் தோழருக்கு முதன்முதலில் ஆறுதல் கிடைத்தது மருந்தினாலல்ல. "இது உலகத்தில் எத்தனையோ பேருக்கு உண்டு, இதற்குப் பெயர்கூட உண்டு" என்று நாம் சொன்னவுடன் அவர் அழுதுவிட்டார். "அப்படியானால் நான் பொய்யனில்லையே" என்றார்.

இரண்டாவது, ஒரு டாக்டர் பிரமை என்று சொன்னால் வேறு டாக்டரிடம் போங்கள். நரம்பு வலிக்கென்று மாத்திரைகள் உண்டு. கண்ணாடிப் பயிற்சி உண்டு. வெட்டிய நுனியில் முடிச்சு இருக்கிறதா என்று பார்த்து அதற்குச் சிகிச்சை செய்வதும் உண்டு.

மூன்றாவது, சர்க்கரை வியாதியுள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பாருங்கள். சிறு புண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். காலை வெட்டியபின் வலியைத் தடுக்கும் கருவியைவிட, காலை வெட்டவிடாமல் காக்கும் கவனமே மேல்.

நான்காவது, இங்கே கேட்டதை வைத்துக்கொண்டு வீட்டு மின்சாரத்தில் கம்பியைச் சொருகி யாரும் பரீட்சை செய்யக்கூடாது. 10,000 என்பதும் 50 என்பதும் ஒன்றல்ல. அது வைத்தியம், இது மரணம்.

கடைசியாக, எவன் எதைக் கொண்டுவந்து வலியைத் தீர்க்கும் என்று சொன்னாலும், அது விபூதியானாலும் சரி, பெல்ட்டானாலும் சரி, பெரிய கம்பெனியின் மெஷினானாலும் சரி, "கட்டையைக் கொண்டு பரீட்சை பார்த்தாயிற்றா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பார்த்திருக்கிறவன் கணக்கைக் காட்டுவான். பார்க்காதவன் உங்களை நாஸ்திகன் என்பான், அல்லது அறியாதவன் என்பான். சொல்லட்டும், உங்கள் காசாவது மிஞ்சும்.

வலி என்பது யாரும் விதித்ததல்ல. அது ஒரு வழியாக வருகின்றது. வழி தெரிந்தால் மறிக்கலாம் என்பதை இந்த ஒரு உதாரணத்தைக் கொண்டு சொன்னோம். நாம் சொன்னவற்றையும் அப்படியே நம்பிவிடாமல், வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.